கேட்டதற்கு மட்டும்

அவன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையை அவனாக வந்து சொல்லியும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும். கேள்வி எங்கே நிற்கிறதோ, பதிலும் அங்கேயே நின்றுவிடும்.

நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரு அபார்ட்மெண்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அவனும் கீழக்கரை ரஃபீக்கும் எம்.எஸ். படிக்க வந்தவர்கள். நான் பத்தாவதில் பெயிலானவன். பம்பாய், மஸ்கட், ஒரு சரக்குக் கப்பலின் சமையலறை என்று சுற்றிவிட்டு, அக்கா ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து சேர்ந்தேன். அக்கா வீட்டில் ஒட்டவில்லை. அந்த மாநிலத்தில் வண்டிக்காரர்கள் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் எனக்குச் சோறு போட்டது. பம்பில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைப்பேன். வாடகையில் எனக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த தூத்துக்குடி ஸ்டெல்லா அவர்களோடு ஒரே வகுப்பு. மீன் குழம்பு வாசனை வந்தால் மேலே வந்துவிடுவாள்.

அவனுடைய பழக்கம் எனக்கு உறைத்தது முதல் குளிர்காலத்தில். காலையில் ரஃபீக் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறான். இல்லை என்றிருக்கிறான். மதியம் ஸ்டெல்லா போன் செய்து கிளாசுக்கு வரவில்லையா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறான். நான் வேலை முடிந்து வந்தபோது, குளியலறைத் தரையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடந்தான்.

"என்னடா, வயித்த வலிக்குதா?"

"ஆமாண்ணே."

"எப்பருந்து?"

"நேத்து சாயங்காலத்துலருந்து."

குடல்வால். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவனை ரஃபீக் பிடித்துக்கொண்டான்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான மச்சான்."

அவன் சற்று யோசித்தான். "சாப்பிட்டியான்னுதான கேட்ட."

சிரிப்பதா அறைவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அவனிடம் பேசும்போது கேள்விகளைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டு வைப்பேன். ஊறுகாய் வேண்டுமா என்று மட்டும் கேட்டால், சோறு வேகவில்லை என்பதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அதன் மூலத்தையும் தெரிந்துகொண்டேன். மெட்ராசில் விசா கவுண்டரில் முதல் தடவை நின்றபோது, ஏன் இந்தக் கல்லூரி என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஒழுங்காகப் பதில் சொன்னவன், மரியாதைக்காக இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருக்கிறான். சித்தப்பா மகன் டாலசில் இருக்கிறான், அவனும் படிக்க வந்தவன்தான், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டான், தங்கமான பையன். அன்றைக்கு விசா இல்லை. அடுத்த தடவை போனபோது, யாரும் கேட்காமல் சொன்ன அந்தச் சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் இல்லை. மூன்றாவது தடவை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். கிடைத்துவிட்டது. அன்றோடு உபரிப் பேச்சை விட்டவன்தான்.

இதனால் அவனுக்கு ஒரு மவுசும் இருந்தது. யாருக்கு எந்த இண்டர்வியூ என்றாலும் எங்கள் சமையலறை மேசைக்கு வந்துவிடுவார்கள். எதிரே நாற்காலி போட்டு, முதுகை நிமிர்த்தி, அவன் அதிகாரியாக உட்கார்ந்துவிடுவான். முகமே மாறிவிடும்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"உண்டு, ஒரு அண்ணன், குவைத்ல..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"போச்சு" என்றான்.

"என்ன போச்சு? குவைத்லதான இருக்கான்?"

"உண்டான்னு கேட்டா உண்டுன்னு சொல்லி நிறுத்து. காத்து வர்ற அளவுக்குத்தான் கதவத் திறக்கணும்."

"உன்னக் கட்டிக்கப் போறவ பாவம்டா" என்றாள் ஸ்டெல்லா.

பாரிசுக்குப் போகலாம் என்று கிளப்பியவள் அவள்தான். வெள்ளிக்கிழமை ஏறி, சனி ஞாயிறு சுற்றிவிட்டு, ஞாயிறு மாலை திரும்பும் விமானம் அந்தக் காலத்தில் சீசன் இல்லாத மாதங்களில் மலிவாகக் கிடைக்கும். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் போவதாகத்தான் பேச்சு. நியூயார்க்கில் பிரெஞ்சு விசா வாங்கப் போகும்முன் எங்கள் எல்லோரையும் மேசையில் உட்கார வைத்து அவன்தான் தயார் செய்தான். எல்லோருக்கும் ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. பிறகு ஸ்டெல்லாவின் ப்ராஜெக்ட் இழுத்துக்கொண்டதில் பயணம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. இடையில், டிசம்பரில், அவனுடைய பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசா முடிந்துவிட்டது.

மாணவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த முத்திரை உள்ளே நுழைவதற்குத்தான். நுழைந்தபின் கல்லூரித் தாள் சரியாக இருந்தால் போதும், இருந்து படிக்கலாம். நுழையும்போது பாஸ்போர்ட்டில் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டை ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். முத்திரை முடிந்தாலும் அந்தச் சீட்டு இருந்தால் கனடாவுக்குப் போய்விட்டுத் திரும்பலாம் என்று ஒரு விதி. அது எல்லா இந்தியப் பையன்களுக்கும் மனப்பாடம். ஜனவரியில் உறைந்த நயாகராவைக் கனடாப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அவன் அப்படித்தான் திரும்பினான். பாலத்தில் அதிகாரி சீட்டைப் பார்த்தார், போகச் சொன்னார். கனடாவுக்குச் செல்வது பாரிசுக்கும் செல்லும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த விதி பக்கத்து நாட்டுக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை.

நியூவார்க் விமான நிலையத்தில் கவுண்டர் பெண் சிரித்த முகமாக இருந்தாள். ரஃபீக்கின் பாஸ்போர்ட்டிலிருந்து வெள்ளைச் சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். ஸ்டெல்லாவுடையதையும் எடுத்தாள். நாட்டை விட்டுப் போகிறவர்களிடம் எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் இரண்டு பேர் விசாவுக்கும் இன்னும் காலம் இருந்தது. பிறகு அவனுடைய சீட்டையும் பிய்த்தாள். அவன் வாய் திறந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜன்னல் சீட் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். பெட்டி ஏதாவது போட வேண்டுமா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். வாயை மூடிக்கொண்டான்.

விமானத்தில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. நான் இரண்டையும் கவனித்தேன். முதல் தடவை கடல் தாண்டி ஊர் பார்க்கப் போகிற படபடப்பு என்று விட்டுவிட்டேன்.

பாரிசில் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஸ்டெல்லா முன்னால் நடந்தாள், கையில் வரைபடம். கோபுரம், ஆறு, பெரிய மாதா கோயில் என்று அவளுக்கு ஒரு வரிசை இருந்தது. அவன் கடைசியில் வந்தான். ஒரு கை ஜாக்கெட்டின் உள்பையை அழுத்தியபடியே இருந்தது.

"ஏய், சிரிச்சா வரி போட்ருவாங்களா?" என்று கேமராவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் ஸ்டெல்லா. அவன் சிரித்தான். அந்தப் படத்தை நான் பின்னால் பார்த்தேன். பல் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோபுரத்தின் இரண்டாவது தளத்தில் காற்று முகத்தில் அறைந்தது. மற்ற இருவரும் அந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பி வலையில் முதுகைச் சாய்த்து, தரையைப் பார்த்து நின்றான். குளியலறைத் தரை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"உடம்பு சரியில்லையாடா?"

"நல்லா இருக்கேண்ணே."

"வேற எதுவும் பிரச்சினையா?"

"ஆமா."

"பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டியா?"

"இல்ல. இருக்கு."

"அதுல என்ன?"

"விசா முடிஞ்சிருச்சு."

"இந்த ஊர் விசாவா?"

"இல்ல. அமெரிக்கா விசா."

"அப்ப எப்படி திரும்பிப் போவ?"

"போக முடியாதுன்னு நெனைக்கிறேன்."

"இது எப்ப தெரியும் உனக்கு?"

"நியூவார்க்ல. அந்தம்மா சீட்டப் பிச்சு எடுத்தாங்கல்ல, அப்ப."

அவனுக்கு அது கடைசி செமஸ்டர். கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் உதவியாளர் வேலை, அதை வைத்துத்தான் படிப்பு. திங்கட்கிழமை அங்கே நிற்காவிட்டால் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியும். மற்ற இருவரையும் கூப்பிட்டு நான்தான் சொன்னேன்.

ரஃபீக் அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினான். ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"நாலு பேரா ட்ரிப் வர்றோம். நியூவார்க்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க உன்ன விட்டுட்டு ஏறியிருப்போமா?"

"ஏறியிருக்க மாட்டீங்க" என்றான் அவன்.

அவள் வரைபடத்தை மடித்தாள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அமெரிக்கத் தூதரகத்தை விசாரித்துக்கொண்டு போனோம். வாசலில் போலீஸ்காரர், திங்கட்கிழமை வாருங்கள் என்று சைகையால் சொன்னார். எங்கே போவது என்று தெரியாமல், வரிசைப்படியே பெரிய கோயிலுக்குப் போனோம். ஸ்டெல்லா மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றாள். "எனக்கும் சேத்து வேண்டிக்க ஸ்டெல்லா, நான் பள்ளிவாசல் ஆளு" என்று ரஃபீக் ஒரு முயற்சி செய்தான். யாரும் சிரிக்கவில்லை. விசா போனவன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"நீயும் வேண்டிக்கிறியா?"

"இல்லண்ணே. பதில் சொல்லிப் பாக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு நாலு பேரும் போனோம். கவுண்டரில் இருப்பவர் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. முதலில் ஸ்டெல்லா, பிறகு ரஃபீக், பிறகு நான். எங்கள் கையில் போர்டிங் கார்டு வந்துவிட்டது. அவன் பாஸ்போர்ட்டை அந்தப் பெண் ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

"வேறு விசா இருக்கிறதா?"

"இல்லை."

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஒரு கதவுக்குள் போனாள். பின்னால் நின்றவர்கள் பெட்டிகளை நகர்த்திக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார்கள். ரஃபீக் அவன் விலாவில் இடித்தான். "வந்தா சொல்லுடா. நயாகராவச் சொல்லு, ப்ராஜெக்ட்டச் சொல்லு, எதையாவது சொல்லு." அவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாவால் பொறுக்க முடியவில்லை. முன்னால் போய் அவனுக்காக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி செமஸ்டர், பேராசிரியர், கல்லூரித் தாளில் கையெழுத்து இருக்கிறது பாருங்கள் என்றாள். அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். மன்னிக்கவும், விசா இல்லாமல் ஏற்ற எங்களுக்கு அனுமதி இல்லை என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது.

நான் என் போர்டிங் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. எனக்கு வகுப்பு இல்லை, தேர்வு இல்லை. பம்பு முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொள்வான், நான் வேறு பம்பைத் தேடிக்கொள்வேன். அப்படி எத்தனையோ இடத்தில் விட்டுவிட்டு வந்தவன். தவிர, அவனை அங்கே தனியாக விட்டால் பசிக்கிறதென்றுகூட யாரிடமும் சொல்ல மாட்டான்.

ரஃபீக் தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டான். "மச்சான், நாளைக்கு அவங்க கேக்காததையும் சொல்லுடா. உன் கால்ல விழுறேன்." அவன் தலையை ஆட்டினான். ஸ்டெல்லா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அழுதிருப்பாள்.

ரயிலில் நகரத்துக்குத் திரும்பி, வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். தெரு திரும்பியதும் தமிழில் போர்டுகள். மளிகை, நகை, தொலைபேசி அட்டை. ஒரு கடைக்குள் நுழைந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வாழைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். கப்பலில் இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம், தமிழ் எழுத்தைப் பார்த்தால் கூச்சமில்லாமல் தங்க இடம் கேட்டுவிடுவேன். பின்னால் அரிசி மூட்டை வைக்கும் அறையில் இரண்டு பாய் போட்டுக் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "விசா எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. உதில நான் யூனிவர்சிட்டி முடிச்சவன்." பிறகு அவனைப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு எல்லாத்தையும் கதையுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ. நாங்கள் எங்கட கதையச் சொல்லித்தான் இஞ்ச இருக்கிறம். வாய் திறக்காத ஆக்களை முதல் பிளேனிலேயே திருப்பிப் போட்டாங்கள்."

அவன் அவரை உற்றுப் பார்த்தான். இவ்வளவு நாள் அவன் காப்பாற்றி வைத்திருந்ததற்கு நேர் எதிராக ஒருவர் பேசுகிறார், அவரும் ஒரு கவுண்டரைத் தாண்டி வந்தவர்தான். அவன் உதடு அசைவது நின்றுபோனது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

திங்கள் காலை தூதரகத்துக்குள் அவனை மட்டும்தான் விட்டார்கள். நான் எதிர்ச் சாரியில் மரத்தடியில் நின்றேன். மழை வந்தது, நின்றது. உள்ளே போனவர்கள் பலர் வெளியே வந்தார்கள். வருகிற முகத்தைப் பார்த்து, கிடைத்ததா இல்லையா என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன். அவன் வந்தபோது முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சாலையைக் கடந்து என் பக்கத்தில் வந்து நின்றான். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. இரண்டு பேரும் சும்மா நடந்தோம். ஒரு பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் என்னால் தாங்க முடியவில்லை.

"குடுத்தாங்களா?"

"இல்லண்ணே."

"என்ன கேட்டாங்க?"

"எதுக்கு இங்க வந்தீங்கன்னு கேட்டாங்க. ஊர் சுத்திப் பாக்கன்னு சொன்னேன்."

"வேற ஒண்ணும் நீயா சொல்லலியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தையும். ப்ராஜெக்ட், நயாகரா, ஆபரேஷன். சித்தப்பா மகனக்கூடச் சொன்னேன். பொறுமையா கேட்டாங்கண்ணே. கடைசி வரைக்கும் கேட்டுட்டு, சொந்த ஊருக்குப் போய் அப்ளை பண்ணுங்கன்னாங்க."

கீழே சுற்றுலாப் படகு ஒன்று போனது. மேல்தளத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் பதிலுக்குக் கையசைத்துவிட்டு என்னைக் கேட்டான். "அண்ணே, நான் என்ன சொல்லியிருக்கணும்?"

அவன் என்னை ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

பிறகு நடந்தது எனக்கு ரஃபீக் சொல்லித்தான் தெரியும். அதற்குள் நான் டெக்சாசில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். மெட்ராசில் அதே கவுண்டரில் மறுபடி நின்று, ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தானாம். உதவியாளர் வேலை வேறு ஒருவனுக்குப் போயிருந்தது. எங்கோ ஹோட்டலில் பாத்திரம் கழுவிப் படிப்பை முடித்தான் என்றான் ரஃபீக். இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாளே அவன் ஊருக்கு விமானம் ஏறிவிட்டான், அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை. ஆனால் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாலத்திலிருந்து கடைக்குத் திரும்பும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா, நீ பாரிஸ் வந்தது?"

"தெரியாது."

"ஆபரேஷன்?"

"தெரியாது."

"மெட்ராஸ்ல மொத ரெண்டு தடவை கிடைக்காதது?"

நின்றான். "தேதி தள்ளி வச்சிருக்காங்கன்னு அவரே நெனச்சிக்கிட்டார்."

கடையின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் கூண்டு இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அவன் உள்ளே போய் எண்களை அழுத்தினான். கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கதவு சரியாக மூடவில்லை.

"அப்பா, நான்தான். நல்லா இருக்கேன். இல்ல, இல்ல, நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. நான் சொல்றேன்."

மெட்ராசில் வெயிலில் நின்ற வரிசையிலிருந்து ஆரம்பித்தான். கடைக்கு ஆட்கள் வந்தார்கள், கத்தரிக்காய் பொறுக்கினார்கள், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்கள். வயிற்றில் தையல் எவ்வளவு நீளம் என்று விரலால் காற்றில் காட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும் என்பது போல. நயாகராவில் நீர் அப்படியே நின்றுபோய்த் தொங்கும் என்றான். அங்கே அப்பா என்ன சொன்னாரோ, ஒரு இடத்தில் பேச்சு நின்று, தலை கண்ணாடியில் சாய்ந்தது. நான் எழுந்தேன். கடைக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கதைக்கட்டும், விடுங்கோ."

மறுபடி பேச ஆரம்பித்தான். அட்டை தீரும்வரை பேசினான். ரிசீவரைக் கையில் பிடித்தபடியே கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, குரல் நன்றாக இருந்தது. கடைக்காரர் இன்னொரு அட்டையை மேசைமேல் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய் மறுபடி அதே எண்களை அழுத்தினான்.

"அப்பா, லைன் கட்டாயிருச்சு. வச்சிராதீங்க, இன்னும் முடியல."